மாவனல்லையில் பேசிய விலை

அந்தக் காரின் முன்விளக்குகள் பகலில் வெளியே தெரியாது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அமுக்கினால்தான், மூடிகள் நிமிர்ந்து இரண்டு விளக்குகளும் மெல்ல மேலே வரும். மாவனல்லை கராஜில் நான் வேலை செய்த ஆறு வருடமும், அந்தச் சிவப்புக் கார் வந்த நாளெல்லாம் தேவையே இல்லாமல் அந்தப் பொத்தானை அமுக்கிப் பார்த்திருக்கிறேன். ஜப்பானில் செய்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். ஊரில் புடவைக்கடை வைத்திருந்த ஹாஜியாரின் மகனுடையது. என்னைத் தவிர வேறு யாரும் அதில் கைவைக்க அவர் விடமாட்டார். அதன் என்ஜினைக் கழற்றிப் பூட்டியவன் நான். அதன் அடிப்பகுதியில் எந்த ஆணி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வாங்கும் வசதிதான் இல்லை.

பிறகு ஓப்பநாயக்கவில் சொந்தமாக ஒரு சின்ன கராஜ் போட்டேன். எங்கள் குடும்பங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் அங்கிருந்து மூன்று மைல். போகும்போதெல்லாம் என் மாமா மகனிடம் அந்தக் காரைப் பற்றித்தான் அளப்பேன். நானும் மச்சானும் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்து, ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் அவனைவிட எனக்குத்தான் கணிதத்தில் நல்ல பெறுபேறு. ஆனால் அதற்கு மேல் உயர்தரத்தில் கணிதம் படிக்க எங்கள் பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கவில்லை. அவன் அம்மாவின் சொந்தக்காரர்கள் அட்டனில் இருந்தார்கள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். எனக்கு அட்டனில் யாரும் இல்லை. நான் ஸ்பேனரைப் பிடித்தேன். அவன் படித்து வந்து கணிதம் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் சேர் ஆனான். கொரோனாக் காலத்தில் போனிலேயே வகுப்பு எடுக்கத் தொடங்கினான். எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் சேர்ந்தார்கள். இரத்தினபுரியில் மாடி வீடு எழும்பியது. அந்த வீட்டுக்குப் போனால் என் வாய் பாராட்டும், கண் சுவரில் வெடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடும். என் குணம் அப்படி ஆகியிருந்தது.

ஒரு நாள் அவன் போன் எடுத்தான். “மச்சான், நீ சொல்லுவியே அந்தச் செவப்புக் கார், அது விக்கப் போறாங்களாம். ஹாஜியார் மகன் வெளிநாட்டுல தங்கிட்டாராம். ஞாயித்துக்கிழமை வாடா, போய்ப் பாத்து வெல பேசுவோம். நீ சரின்னு சொன்னாத்தான் வாங்குவேன்.”

“சரி” என்றேன். போனை வைத்த பிறகு, கையில் இருந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். உலகத்தில் எத்தனையோ கார் இருக்க, இவனுக்கு இதுதானா வேண்டும்?

ஹாஜியார் வீட்டில் எங்களுக்குப் பிளேன்டீயும் வட்டிலப்பமும் வந்தன. காரின் பெறுமதி அவருக்குத் தெரியவில்லை. கடைச் சாமான் வைக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, போனால் போதும் என்ற நினைப்பில், சந்தையில் போவதைவிடக் குறைந்த விலையைத்தான் சொன்னார். நான் காருக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தேன். எல்லாம் நான் பூட்டியபடியே இருந்தது. ஒரு கசிவு இல்லை, துரு இல்லை. என் மேலே அந்தக் கார், அதற்கு அப்பால் மச்சானின் புதுச் சப்பாத்துக் கால்கள். வயிறு எரிந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “அடிபட்ட கார் மச்சான். சேசிஸ்ல வெல்டிங் புடிச்சிருக்கு. வாங்காத” என்றேன்.

அவன் வேண்டாம் என்று திரும்பிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் திரும்பவில்லை. குறையைச் சொல்லி விலையில் கால்வாசியைக் குறைக்கக் கேட்டான். ஹாஜியார் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“மகன் ஓட்டக்குள்ள என்ன நடந்திச்சோ எனக்குத் தெரியா. ஆனா இது நீங்க கைவெச்ச வாகனம் பாஸ். நீங்க செல்றது உண்மையாத்தான் ஈக்கும்” என்றார். “சரி, அந்த வெலக்கே எடுங்க.”

மச்சான் பணம் அனுப்பப் போனை எடுத்தான். என் பொறாமை அவனுக்குக் காரை இன்னும் மலிவாக வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்காகவா, ஹாஜியாரின் நம்பிக்கைக்காகவா என்று இன்றைக்கும் எனக்குத் திட்டமாகத் தெரியாது, வாய் திறந்துவிட்டது.

“குடுக்காதீங்க ஹாஜியார். சேசிஸ்ல ஒன்னுமே இல்ல. நான் பொய் சொன்னேன். நீங்க மொதல்ல கேட்டதே கொறவுதான்.”

மச்சானின் காது சிவந்துவிட்டது. சந்தை விலையையே தருவதாக அவன் சொன்னான். ஹாஜியார் தலையசைத்தார். “நான் கேட்டது போதும். கூட வாணாம்” என்றவர், எங்களை உள்ளே கூட்டிப்போய் என் குவளையில் மறுபடி தேநீர் ஊற்றினார். அதைக் குடிப்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

கேகாலை தாண்டி, இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் நிற்கும் பாதையில் ருவான்வெல்லை வரை அந்தக் காரை அவனே ஓட்டினான். ஏற்றங்களில் இரண்டு தடவை என்ஜினை நிறுத்திவிட்டான். கடைத்தெருவில் காரை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டான்.

“ஏன்டா அப்படிச் சொன்ன?”

“நீ வாங்கக் கூடாதுன்னுதான். பொறாமைடா.”

கோபப்படுவான் என்று பார்த்தேன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளியே பார்த்தான். “எனக்குக் காரப் பத்தி என்ன தெரியும்? கிளச்சே ஒழுங்கா மிதிக்கத் தெரியல. நான் இத ஓட்டுறத நீ பாக்கணும்னுதான் வாங்குனேன்” என்றான். கொஞ்சம் கழித்து, “ஒன் கொப்பியப் பாத்துத்தான நான் கணக்குப் படிச்சேன். இன்னைக்கும் போர்ட்ல ஒரு கணக்கப் போட்டா, நீயா இருந்தா ரெண்டு வரியில முடிச்சிருப்பேன்னு தோணுதுடா” என்றான்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இத்தனை வருடமும் அவனும் எரிந்திருக்கிறான் என்ற கேவலமான சந்தோஷம். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அன்றோடு பொறாமை தீர்ந்தது என்று சொன்னால் அதுவும் பொய். சர்வீசுக்காக அவன் மாதாமாதம் கராஜுக்கு வருவான். வளைவில் அந்த ஹாரன் கேட்டால் என் வயிறு பழையபடி எரியும். ஆனால் இருவருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டதால், அதைச் சொல்லிச் சிரிக்க முடிந்தது.

போன வருடம் அவன் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டான். காரை என்னிடம் விட்டு, “நீயே வெச்சுக்க மச்சான். நீ சொல்றதுதான் வெல” என்றான். கடன் படாமல் வாங்கும் அளவுக்கு அப்போது என் கையில் இருந்தது. ஒரு வாரம் அது என் கராஜில் நின்றது. ஒரு காலை அதை எடுத்துக்கொண்டு பெல்மதுளை வரை ஓட்டிப் போனேன். என்ஜின் நன்றாகத்தான் பாடியது. பாதி வழியில், நல்ல கார் ஒன்றை யாருக்கோ ஓட்டிப் பார்ப்பவன்போலத்தான் இருந்தேன். உள்ளே எதுவும் எரியவில்லை.

பலாங்கொடையிலிருந்து ஒரு சிங்கள டாக்டர் வந்து பார்த்தார். அடிபட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். இருந்த சின்னச் சின்னக் குறைகளை நானே காட்டினேன். பேரம் பேசாமல் எடுத்துப் போனார்.

அன்று மாலை மச்சானுக்குப் போன் எடுத்து விலையைச் சொன்னேன். அவன் விலையைக் காதில் வாங்கவே இல்லை.

“ஏன்டா நீ வெச்சுக்கல? அவ்வளவு ஆசப்பட்டியே.”

“நீ இல்லாத ஊர்ல அத ஓட்டி, நான் யாருக்குடா காட்டுறது?” என்றேன்.