விக்டோரியாவின் ஒற்றை மூச்சு

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. காக்களூரில் பொழுது விடிந்தும் பனி கலையவில்லை. தொழிற்பேட்டையின் தகரக் கூரைகளிலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. மைதானத்து மதிற்சுவரை ஒட்டி நடந்தபடி, விக்டோரியா "கபடி கபடி" என்று ஒரே மூச்சில் பாடிப் பார்த்தாள். பாதிச் சுவரிலேயே இருமல் வந்து பாட்டை அறுத்தது. "சனியம்புடிச்ச ஜல்பு" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சுவரின் தொடக்கத்தில் வந்து நின்றாள்.

வாரநாள்களில் அவளுக்குச் சுவர் வேண்டியதில்லை. பிளாஸ்டிக் மூடி வார்க்கும் தன் கம்பெனிக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து போகும் சாலையே போதும். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முணுமுணுவென்று பாடியபடியே நடப்பாள். காவலாளிகள் வணக்கம் சொன்னால் கையை மட்டும் ஆட்டுவாள். வாய் திறந்து பதில் சொன்னால் மூச்சு விட்டுப்போகுமே! இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு ஆட வந்தவள் அவள். ஆயினும் கம்பெனிப் பெண்கள் அணியில் அவ்வளவு நீளப் பாடுகிறவர் வேறு எவருமில்லை. இன்று பொங்கல் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரே கும்மிடிப்பூண்டி அணி. இந்த ஆட்டத்தில் பாடிப் போகவேண்டும் என்பதே வாரம் முழுவதும் அவளுடைய பேச்சு.

புதன்கிழமை ஜலதோஷம் பிடித்தது. வெள்ளிக்கிழமை நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்ற சத்தம் தொடங்கியது. பிளாஸ்டிக் தூசிதான் காரணம் என்று நம்பி, இரண்டு முகக்கவசங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து வேலை பார்த்தாள். சனிக்கிழமை பார்த்த மருத்துவரோ வேறு கேட்டார்: அருகில் யாருக்குச் சளி? எதையெல்லாம் ஒன்றாகப் புழங்கினீர்கள்? அப்போதுதான் துண்டு நினைவுக்கு வந்தது. பாடப் போகுமுன் ஒவ்வொருத்தியும் அணியின் ஒரே சிவப்புத் துண்டில் முகம் துடைத்துக்கொள்வது ராசி. அந்த ராசியை ஏற்படுத்தியவளே விக்டோரியா. அரையிறுதியன்று அணித்தலைவி ஷைனிக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

மருத்துவர் சொன்னதை அவள் அணியினருக்குச் சொன்ன அழகே தனி. ஆட்டத்துக்கு முன்பு நடுக்கோட்டில் நின்று, கையை வீசிக் கண்கள் விரிய விளக்கினாள்.

"வைரஸு ஒருத்திதான்டி, பாடிக்கினு உள்ள வர்றா. மூக்குத் தோல தொட்ட ஒடனே அந்தத் தோலு கூவி ஆளுங்கள இட்டாருது. நம்ம ஒடம்பு ஆளுங்க மொத்தமா வந்து அவ மேல உழுவுறாங்க. அந்தத் தள்ளுமுள்ளுல மூச்சுக்கொழா உள்ள வீங்கிப்பூடுது, சளி ஊறுது, சுத்திக்கீற தச இறுக்குது. எனுக்கு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா உழுவுறாங்களாம். அப்புறம் காத்து போவ எடம் எங்க கீது?"

"அப்ப உன்ன மடக்குனது என் ஜல்பு இல்லக்கா, உன் ஆளுங்கதான்" என்றாள் ஷைனி. சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. ராசித் துண்டை அவள் வீட்டிலேயே விட்டு வந்ததைத்தான் அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நெஞ்சுக்குள் கேட்கும் சத்தம் முழுவதும் அடங்கும்வரை ஆடக்கூடாது என்று மருத்துவர் சொன்ன பகுதியை மட்டும் விக்டோரியா அவர்களிடம் சொல்லவில்லை. அவள் இருமுவதைக் கண்ட ஷைனி, கடைசிக்கட்டத்துக்கு ஆகட்டும் என்று அவளை மாற்று ஆட்டக்காரியாக வெளியே உட்கார வைத்தாள்.

ஆட்டத்தில் அனல் பறந்தது. கும்மிடிப்பூண்டிக்காரிகள் முந்துவதும் காக்களூர்க்காரிகள் எட்டிப்பிடிப்பதுமாக, கூட்டம் உட்கார மறந்தது. புள்ளிகள் சமமாயின. இன்னும் ஒரே ஒரு பாட்டு மிச்சம், அதுவும் காக்களூருடையது. பாடவேண்டிய ஸ்நேகா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் விக்டோரியாவின் பெயரைச் சொல்லி ஆரவாரம் செய்தது. அவளும் முழங்கால் உறையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். எழுந்தவள் மூச்சை இழுத்தாள். நெஞ்சுக்குள் அதே சத்தம், மெல்லியதாக.

ஷைனி எல்லைக்கோட்டுக்கு ஓடிவந்தாள். "யக்கா, ஒரே பாட்டுதான். மூச்சு தாங்குமா?"

விக்டோரியா குனிந்து உறையைக் கழற்றி, ஸ்நேகாவின் முழங்காலில் மாட்டினாள்.

"தாங்காது. இவ போவட்டும்."