முழங்கையைத் தாங்கிய கை

இரண்டு முறை மறுக்கப்பட்ட அகதி விண்ணப்பத்தை மூன்றாம் முறை வென்றாள். கவுன்சிலோடு மல்லுக்கட்டி, ஈரம் ஊறிய அறையிலிருந்து மனோர் பார்க்கில் வெயில் விழுகிற வீட்டுக்கு எங்களை மாற்றினாள். எந்தப் பராமரிப்பாளரும் ஒரு மாதம் தாண்டாத ஹரோ வீடொன்றில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறாள். இவ்வளவையும் என் தங்கச்சி கோசிகா ஒரு கையெழுத்தும் வைக்காமல் வென்றாள். கை நடுக்கம் என்று சொல்லி எல்லா இடத்திலும் பெருக்கல் குறிபோல் ஒரு புள்ளடிதான் போடுவாள்.

கையில் நடுக்கம் எதுவும் இல்லை. 2009இல் போரின் கடைசியில் வன்னியை விட்டு வெளியேறியபோது, இராணுவச் சோதனைச் சாவடியில் எங்கள் தம்பி ஆரணன் பேரெழுதிக் கையெழுத்து வைத்தான். அவனைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. வரிசையில் அடுத்து நின்றவள் கோசிகா. பதினைந்து வயது. நீட்டிய பேனையை வாங்காமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஹரோவில் அவள் பார்ப்பது ஹத்சுயோ என்ற ஜப்பானிய அம்மாவை. தொண்ணூற்றெட்டு வயது. பக்கவாதத்துக்குப் பிறகு வலது கையால் கரண்டியும் பிடிக்க முடியாது. ஜப்பானில் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பேரை வாக்காளரே எழுத வேண்டும். எழுத முடியாதவருக்கு அதிகாரி எழுதிக் கொடுப்பார். ஹத்சுயோ அதற்கு இணங்கவில்லை. போருக்குப் பின் வந்த 1946 தேர்தலில் ஜப்பானியப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தபோது அவரும் எழுதினாராம். முந்திய ஆண்டு குண்டுத் தீயில் செத்துப்போன அக்கா பின்னால் நின்று முழங்கையைத் தாங்கினாராம்.

2024 ஒக்ரோபரில் ஜப்பானில் மீண்டும் தேர்தல் வந்தது. இது தனக்குக் கடைசி என்றார் ஹத்சுயோ. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஜப்பானியத் தூதரகத்தில் வாக்களிக்கலாம்; சக்கர நாற்காலியைத் தள்ள உதவியாக நானும் அங்கே போனேன்.

உள்ளே கூட்டிப்போகிறவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். கோசிகா புள்ளடி போட்டாள். அது போதாதாம். நான் வைக்கிறேன் என்றேன். கோசிகா இல்லாமல் போகமாட்டேன் என்றார் ஹத்சுயோ.

"எழுதினால் கொண்டுபோவினம், அக்கா."

"இஞ்ச ஆர் கொண்டுபோறது? மெட்ரோபொலிட்டன் லைன் ரயில்தான் கொண்டுபோகும். அதுவும் பிந்தித்தான்."

அவள் சிரிக்கவில்லை. அப்போது ஹத்சுயோ, கோசிகாவின் தோளுக்குப் பின்னால் ஒருவருமில்லாத இடத்தைப் பார்த்துத் தலை வணங்கினார். அவருடைய கைகள் இரண்டும் போர்வைக்குள் இருந்தன. நான் மேசைக்கு மறுபக்கம் நின்றேன். கோசிகாவின் வலது முழங்கை மெல்ல உயர்ந்தது. கோட்டின் துணி, நாலு விரல் அழுத்தியதுபோல் குழிந்தது. பேனை நகர்ந்தது.

உள்ளே ஹத்சுயோவின் செத்த கையும் அப்படியே உயர்ந்து, நடுங்காமல் ஒரு பேரை எழுதியதாம். அவரை ஹரோவில் விட்டுத் திரும்பும் ரயிலில் கோசிகா மெதுவாகச் சொன்னாள்:

"என்னைப் பிடிச்சது ஆம்பிளைக் கை, அக்கா. சூடாயிருந்தது."

மனோர் பார்க் வரும்வரை அவளுடைய கோட்டை நான் விடவேயில்லை.

முடிவு வந்தபோது ஆளும் கூட்டணி பெரும்பான்மையை இழந்திருந்தது. எழுபத்து மூன்று பெண்கள் தெரிவாகியிருந்தார்கள், முன்னொருபோதும் இல்லாத அளவு. தான் எழுதிய பேர் வென்றதா என்று ஹத்சுயோ சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கோசிகாவை ஒருவரும் கொண்டுபோகவில்லை. நாளைக்கும் ஹரோவில் ஷிப்ட் இருக்கிறது. அவள் முதன்முதலாகத் தன் பேரைக் கையெழுத்தாக வைத்தது 2024 ஒக்ரோபர் 18, வெள்ளிக்கிழமை.