டேப்புக்காரர் போட்ட கோஸ்

என் அக்கா வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் செய்பவர். தெருவில் அவருக்குப் பெயரே டேப்புக்காரர்தான். எது ஒழுகினாலும் வெள்ளை டேப்பைச் சுற்றி, பல்லைக் கடித்து ஒரு முறுக்கு முறுக்கினால்தான் அவருக்கு மூச்சு வரும். ஒருமுறை எங்கள் வீட்டு எண்ணெய்ப் புட்டியை அப்படி மூடிவிட்டுப் போனார். திறக்க அவரையே கூப்பிட வேண்டியதாயிற்று.

அக்காவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சி மண்ணாம், பால் சோப்புத் தண்ணீராம். "வயித்துல ஏதாவது போனாத்தான் அடுத்த ஊசி போட முடியும்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அத்தான் கடை கடையாக அலைந்து வாங்கியதெல்லாம் தொடாமலே வீணாயிற்று. எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. பிறகு ஒருநாள் அவளே கேட்டாள்.

"புளிச்ச கோஸ் இருந்தா ஒரு வாய் தின்னலாம் போல இருக்கு."

உப்பில் ஊறித் தானாகப் புளிக்கும் அந்த முட்டைகோஸ் ஊறுகாயை வீட்டில் எப்போதும் போடுபவள் அவள்தான். கடையில் வாங்கி வந்ததை முகர்ந்துவிட்டுத் தள்ளிவிட்டாள். ஆகவே அத்தான் அடுப்படிக்குள் நுழைந்தார். அதுவரை தண்ணீர் குடிக்கவும் குழாயைக் குறை சொல்லவும் மட்டுமே அங்கே போனவர்.

அக்கா படுத்தபடியே சொல்லச் சொல்ல, முட்டைகோஸை மெல்லிய இழைகளாக அரிந்து உப்புப் போட்டுப் பிசைந்தார்.

"தண்ணி விட்டுடுச்சும்மா."

"இன்னும் பிசைங்க. அதுக்குள்ள என்ன அவசரம்?"

சதகுப்பைத் தழை, புதினா, நான் உரித்த பூண்டு எல்லாவற்றையும் கோஸோடு மாற்றி மாற்றிக் கண்ணாடி ஜாடியில் அமுக்கினார். மேலே கழுவிய கல்லை வைத்தார்.

"மூடி?"

"மூடி வைங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் கண்ணயர்ந்துவிட்டாள். புளிக்கும்போது கிளம்பும் காற்று வெளியே போக, மூடியைச் சும்மா மேலே வைத்தால் போதும் என்று அவருக்கு யார் சொல்வது! அத்தான் டேப்பைச் சுற்றி மூடியை முறுக்கிவிட்டார்.

மறுநாளே உள்ளே குமிழி கிளம்பியது. "வேலை நடக்குது பாரு" என்று அவருக்கு ஒரே பெருமை. அதற்கடுத்த நாள் காலை மூடியோரம் நீர் கசிந்திருக்கிறது. கசிவைப் பார்த்தால் அந்த மனுஷன் சும்மா இருப்பாரா? ரெஞ்சைக் கொண்டுவந்து இன்னும் ஒரு சுற்று இறுக்கியிருக்கிறார்.

நான் அக்காவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். படாரென்று சத்தம். ஓடிப்போனால் சுவரெல்லாம் கோஸ், தரையெல்லாம் கண்ணாடி, நடுவில் ரெஞ்சோடு அத்தான். நல்லவேளை, அவர் அப்போதுதான் நகர்ந்திருந்தார். புளிப்பும் தழையுமாக வாசனை வீடு முழுக்கப் பரவியது.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "நல்லா வந்திருக்கே... கொஞ்சம் கொண்டாங்களேன். பசிக்குது."

அந்தச் சொல்லுக்காக நாங்கள் எத்தனை நாளாகத் தவமிருந்தோம்! அத்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு இழையாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். எல்லாவற்றிலும் கண்ணாடித் தூள் மின்னியது. அலசித் தரலாம் என்று கிண்ணத்தை எடுத்தவர் கையிலிருந்து நான் அதைப் பிடுங்கினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா படுத்திருந்த அறை வாசலருகே போனார்.

"இன்னும் சரியா புளிக்கலம்மா. நாலு நாள் போகட்டும்."



"அதுவரைக்கும் இந்தப் பசி இருக்கணுமேங்க" என்றாள் அக்கா.