பறக்காத காகம்

சாரம் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது போன் வந்தது. செசில் மதாமின் மகள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க. காலையில காபி குடிச்சாங்க, அப்படியே நாற்காலியில சாஞ்சிட்டாங்க." மீன்காரம்மா பையை நீட்டினார். வாங்காமலே வந்துவிட்டேன்.

மதாமைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய காகுவையும் தெரியும். கணவரின் வேலையோடு நியூ கலிடோனியா தீவுக்குப் போனவர், அங்கே பறவைப் பூங்கா ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தார். காகு அந்தத் தீவில் மட்டும் வாழும் பறவை. சாம்பல் நிறம், சிவந்த கால். இறக்கை இருந்தும் பறக்காது. மலைக்காட்டின் ஈரச் சருகில்தான் இரை தேடும், அதன்மேலேயே ஒற்றை முட்டையும் இடும். "சருக வாரிட்டா அது பட்டினி, முசியே. நாய் வந்துதுன்னா கதையே முடிஞ்சுது" என்பார். பிரெஞ்சு வழக்கத்தில் அவர் எனக்கு மதாம், நான் அவருக்கு முசியே. தன் வீட்டுப் பாதாம் மரத்துச் சருகையும் அவர் பெருக்க விட்டதில்லை. பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தால், "அதுக்குள்ள யார் யார் குடியிருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்பார்.

ஊர்ப் பிள்ளைகளுக்காகக் காகுவின் காட்டைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அவர் எழுதியது அது ஒன்றுதான். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தது நான். அப்போது மதாமோடு பழக்கமில்லை, காகுவைக் கேள்விப்பட்டதும் இல்லை. முதல் வரியிலேயே 'காகு' என்றிருந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், தமிழ் தகராறு என்று நானே முடிவுகட்டி, கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் எல்லாவற்றையும் 'காகம்' ஆக்கினேன். என் மேதாவித்தனத்தை என்ன சொல்ல!

வெளியீட்டு நாளில், பள்ளிப் பிள்ளைகள் முன்னால் மதாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "காகம் பறக்காது. விடியற்காலையில் நாய்க்குட்டிபோல் குரைக்கும்." ஒரு சிறுமி எழுந்தாள். "ஆயா, எங்க ஊட்டாண்ட காக்கா பறக்குதே!"

மதாம் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "யாரு பண்ணது, முசியே?"

"கம்ப்யூட்டர், மதாம்" என்றேன்.

ஒரு வாரம் அவர் வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து, பிரதி பிரதியாகப் பேனாவால் காகத்தை அடித்துக் காகு என்று எழுதினோம். இரண்டாம் நாள் கதவைத் திறந்தவர், "வாங்க கம்ப்யூட்டர், உள்ள வாங்க" என்றார். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். புரியாதவன்போல் நடித்தே காலத்தை ஓட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அவர் புத்தகத்தைக் கெடுத்தவன் ஆகிவிடுவேனே என்ற பயம்.

அடக்கம் முடிந்ததும் மகள் அருகில் வந்தார். "அம்மா இத உங்ககிட்ட குடுக்கச் சொல்லியிருந்தாங்க." மதாமின் சொந்தப் பிரதி. எல்லாக் காகங்களும் அவர் கையால் திருத்தப்பட்டிருந்தன. கடைசிப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வட்டமிட்டு அப்படியே விட்டிருந்தார். ஓரத்தில்: "இது கம்ப்யூட்டருக்கு."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு காகம்தான். அதைத் திருத்த மாட்டேன். மதாம், மாத்துனது நான்தான்.