மூன்றாவது பனை

மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று பனைகள். இரண்டு காய்க்கும். மூன்றாவது விரல் விரலாகப் பாளை விட்டு, மஞ்சள் தூளை உதிர்த்து, சும்மா நிற்கும். எது காய்க்காத மரம் என்று சித்தப்பா கேட்டபோது ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக் காட்டியவள் நான்தான். எட்டு வயது.

சித்திக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளையில்லை. கொல்லையில் நிற்கும் மலடுதான் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்றாள் பெரியம்மா. வெட்டினார்கள். கோடாலி விழ விழ, சித்தி அடுக்களையில் கரைந்த புளியையே கரைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கோடையில் நுங்கு இல்லை. இரண்டிலும் பிஞ்சு கறுத்து உதிர்ந்தது. கள் இறக்குகிறவர் அண்ணாந்து பார்த்தார், அடிமரத்தைக் குனிந்து பார்த்தார், தொடையில் தட்டிச் சிரித்தார்.

"மொகுடினி நரிக்கேசி பில்லலு காவாலா அம்மா?"

புருஷனை வெட்டிப் போட்டுவிட்டுப் பிள்ளை வேண்டுமா என்கிறார். பனையில் ஆண் வேறு, பெண் வேறாம். அந்தத் தூள் பறந்து வந்து ஒட்டினால்தான் காயாம். அக்கம்பக்கத்தில் இருந்த ஒரே ஆண் அதுதானாம்.

"ஹவ், இனி மாப்பிள்ளைய ரயில்லதான் வரவழைக்கணும்" என்று ஆமோதித்தார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தோம். சித்தி சிரிக்கவில்லை. மரத்தைப் பார்க்காமல் அவரையே பார்த்தாள்.

"நீங்களும் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டலாம்ல?"

"எனக்குக் கைக்கு? நக்கோ." அவருக்கு எதுக்காம், வேண்டாமாம்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைத்தான் ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். சித்தியை எட்டாவது வருஷத்தில் அனுப்பினார்கள். அப்பாவோடு நானும் செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போனேன். ஜன்னல் வழியே நான்காய் மடித்த காகிதம் ஒன்றை என் கையில் திணித்தாள்.

"சித்தப்பா கையில மட்டும் குடு, கண்ணு."

வழியில் பிரித்துப் பார்த்தேன். கிறுக்கல் இங்கிலீஷ். சித்தப்பா பேர் மட்டும் படிக்க முடிந்தது. ரயில்வே வீட்டுப் பிள்ளைக்குப் பேர் எழுதிய காகிதம் என்றால் ரயில் பாஸ்தான். அதைக் காட்டி ரயிலேறிப் போய்ச் சித்தியைக் கூட்டி வருவார் என்று நினைத்தேன். கொடுத்தேன். பாதி படித்தார், நாலாகக் கிழித்தார், அடுப்பில் போட்டார்.

பாஸ் இல்லாமல் சித்தி எப்படி வருவாள் என்று நான் விக்கி விக்கி அழுதேன். பெரியம்மா டீயில் ரஸ்க்கை நனைத்து வாயில் ஊட்டினாள்.

தை மாதம் புதுச்சித்தி வந்தாள். அது பாஸ் இல்லை என்று நான் தெரிந்துகொள்ள, ஐந்து வருஷம் கழித்து அவளும் ஆஸ்பத்திரியிலிருந்து, சித்தப்பா பேர் எழுதிய டெஸ்ட் சீட்டோடு, தனியாகத் திரும்பி வர வேண்டியிருந்தது.