சத்தம் இல்லாத போன்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்னும் எனக்குச் சந்தேகம்தான். மகளின் பழைய கொப்பியில் மிச்சமிருக்கும் தாள்களில் எழுதுகிறேன். வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ருவான்வெல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறேன். என் மனைவி 2006இல் வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போனாள். அடுத்த வருஷம், லீவில் வந்த ஒரு பெண்ணிடம் சின்னப் போன் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். வெள்ளிக்கிழமைகளில் பேசுவாள். நான் "சாப்பிட்டியா" என்று கேட்பேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது. மகளிடம் கொடுத்துவிடுவேன்.

மகளுக்குப் பதினைந்து வயதானபோது அந்தப் போன் அவள் கையை விட்டு இறங்குவதே இல்லை என்றாகிவிட்டது. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில், துவைக்கும்போது சவர்க்காரத்துக்குப் பக்கத்தில். பாம்பு ஓடுகிற விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. மணிக்கணக்காக விளையாடுவாள். விளையாடாத நேரமும் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெளிச்சமே இல்லாததில் என்னதான் தெரிகிறது? ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரம் எடுத்துப் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது.

மெலிந்துபோனாள். எதைக் கேட்டாலும் சிடுசிடுப்பு. பாதித் தூக்கத்தில் எழுந்து உட்காருவாள். தண்ணீர் பிடிக்கிற பீலியில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பிராக்காரி எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "அண்ணே, ஒங்க மக போனுக்கே வாக்கப்பட்டுட்டா போல. சீதனம் என்னா குடுக்கிறீங்க?" பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. யாராவது பையனாக இருக்குமோ என்ற பயமும் வந்தது. மகளிடம் கேட்க வாய் வரவில்லை.

2008 ஆகஸ்ட் பள்ளிக்கூட லீவில் ஒருநாள், அவள் எழும்புவதற்கு முன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒருநாள் அது இல்லாமல் இருந்தால் என்ன செய்கிறாள் என்று பார்க்க நினைத்தேன். மரம் மரமாக வெட்டினேன். சிரட்டைகளில் பால் இறங்கியது. பையில் இருந்தது மூச்சுவிடவில்லை. பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, திரும்பி வரும் வழியில் ஒரு பொத்தானை அமத்தினேன். இங்கிலீசில் ஏதோ இருந்தது. பக்கத்தில் 11 என்று இருந்தது. அது மட்டும் எனக்குப் புரிந்தது.

மகள் லயத்து முன்னால் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"போனு எங்கப்பா?"

கொடுத்தேன். பார்த்தாள்.

"பதினொரு மிஸ்கோல்! அம்மா பயந்தே செத்திருக்கும்!"

"இன்னைக்கி வெள்ளிக்கிழம இல்லையேம்மா?"

"அம்மா தெனம் மிஸ்கோல் குடுக்கும், ஒரு தடவ அடிச்சிட்டு வச்சிரும். வீட்டுக்காரம்மா அந்தப் பக்கம் போறப்ப ஒண்ணு. நான் ஒண்ணு திருப்பிக் குடுக்கணும். குடுத்தா இங்க எல்லாரும் சொகம்னு அர்த்தம். எப்ப குடுக்க முடியும்னு அம்மாவுக்கே தெரியாது."

"அதுக்காக எந்நேரமும் மொறச்சிப் பாத்துக்கிட்டே இருக்கணுமா? வந்தா அடிக்குந்தானே?"



"நீங்கதானேப்பா சத்தத்த நிப்பாட்டச் சொன்னீங்க."

நான்தான். போன் வந்த புதிதில், அது அடித்தால் போதும், லயமே எங்கள் வாசலில் வந்து நிற்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. "அத வாய மூடச் சொல்லு" என்று ஒரு தடவை அதட்டினேன். அன்றைக்கு நிறுத்தியவள் திரும்பப் போடவே இல்லை. நான் மறந்தும் போனேன்.

அந்த நேரம் அவள் கையில் வெளிச்சம் வந்தது. உடனே நின்றுவிடவில்லை. மகள் எடுத்து, பேச முடியாமல் அழுது, என்னிடம் நீட்டினாள்.

"புள்ளைக்கு என்னங்க ஆச்சி?"

"ஒண்ணும் ஆகல. போன் எங்கிட்ட இருந்திச்சி."

"ஒங்ககிட்ட இருந்தா நீங்க ஒண்ணு குடுக்கக் கூடாதா? போன் அனுப்பி ஒரு வருசமாச்சி. ஒண்ணாச்சும் குடுத்தீங்களா?"

"சாப்பிட்டியா?" என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

சத்தத்தைத் திரும்பப் போட்டோம். மகள் கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள். ஆனாலும் திரையைப் பார்ப்பதை விடவில்லை. "அதான் சத்தம் போட்டாச்சே?" என்று கேட்டால், "பழகிப்போச்சிப்பா" என்கிறாள். பாம்பு விளையாட்டையும் விடவில்லை. எனக்கும் காட்டித்தந்தாள். என் பாம்பு மூன்றாவது வளைவிலேயே தன்னைத் தானே கடித்துச் செத்துவிடும். "அவசரப்படாம திருப்புங்கப்பா" என்று சிரிப்பாள். அவளை வாட்டியது போனா, அம்மா இல்லாததா, நானா, எது எவ்வளவு என்று இன்னும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

நேற்றுத் தீபாவளி. இன்றைக்கு வேலை இல்லை. காலையில் மகள் பீலிக்குப் போயிருந்தபோது நானாக மனைவியின் நம்பரை அமத்தினேன். ஒரு தடவை அடித்ததும் வைத்துவிட்டேன். பிறகு படியில் உட்கார்ந்து இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குவைத்தில் மனைவியும் சத்தம் வராமல்தான் வைத்திருக்கிறாளாம். எங்கோ ஒரு குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், அவளும் இப்படித்தான் பார்ப்பாள்.

போன் ஒரு தடவை அடித்து நின்றது. மகள் குடத்தோடு ஓடிவந்தாள்.

"அம்மாவா? விடியவே ஒண்ணு குடுத்திச்சி, நானும் திருப்பிக் குடுத்திட்டேனே. இப்ப இங்கேருந்து யாருப்பா குடுத்தது?"

"நான்தான்" என்றேன்.

18.10.2009, ஞாயிற்றுக்கிழமை.