கொட்டச் சொன்ன பால்

ஆவூர் மரிய அந்தோணியின் மகள் அற்புதமேரி நர்ஸ் படித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினாள். "இனி இவ நமக்கில்ல" என்றது ஊர். அவள் போய்ச் சேர்ந்த வடமேற்குக் கரை முழுக்கப் புல்வெளியும் பசுக்களும்தான். பிள்ளை பெற்றவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துவருவது அவள் வேலை.

1957 அக்டோபரில் அந்தக் கடலோரத்து அணு உலை தீப்பிடித்தது. தீ அணைந்தும், புகையோடு போன நஞ்சு புல்லில் இறங்கிப் பசுவின் பாலுக்கு வந்துவிட்டது. சுற்றுவட்டாரப் பாலையெல்லாம் கொட்டிவிட உத்தரவானது.

உத்தரவைச் சொல்லப் போன அற்புதமேரியை ஒரு பண்ணைக்காரி, இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலில் மறித்தாள். "பால் வெள்ளையாத்தானே இருக்கு? எங்கேருந்தோ வந்த நீ எம் பாலைக் கொட்டச் சொல்றியா?"

ஆவூரில் மழை பொய்த்த வருஷங்களில் ஒற்றைப் பசு கறந்த உழக்குப் பாலை வீடே பங்கு போட்டுக் குடித்தது. அந்த வீட்டுப் பெண் இவள். "எனக்கும் வயிறு எரியுதும்மா. ஆனா இந்த நஞ்சு பிள்ளைங்க தொண்டையிலதான் போய்த் தங்கும்" என்றாள். பண்ணைக்காரி குழந்தையை ஒருதரம் பார்த்தாள். பிறகு கேனின் ஒரு பக்கத்தை அவள் பிடிக்க, மறுபக்கத்தை அற்புதமேரி பிடிக்க, இருவருமாகச் சாக்கடையில் சாய்த்தார்கள்.

உத்தரவு வருமுன் விடுதியில் அற்புதமேரியும் அந்தப் பாலைத்தான் குடித்திருந்தாள்.

சில வருஷம் கழித்து ஊர் திரும்பி ஆலங்குடி மருந்தகத்தில் வேலை பார்த்தபோது, கழுத்தில் கட்டி தட்டுப்பட்டது. மதராஸில் அறுத்தெடுத்தார்கள். "அந்தப் பாலாலதானா டாக்டர்?" என்று கேட்டாள்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அடிச்சுச் சொல்ல யாராலயும் முடியாதும்மா."

கழுத்துத் தழும்போடு வேலைக்குத் திரும்பியவளுக்கு வேறொன்று காத்திருந்தது. "விஷக்காத்து பட்டவ, அவ கை பட்டா ஒட்டிக்கும்" என்று பேச்சு கிளம்பி, பிள்ளைக்காரிகள் வராமல் நின்றுபோனார்கள். முந்தானையைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளச் சொன்னாள் கம்பவுண்டர் மனைவி. அற்புதமேரி சுற்றிக்கொள்ளவில்லை. காலி பெஞ்சுக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் ஆவூருக்கு எட்டியது. மரிய அந்தோணி இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினார். சந்தைக்கூட்டம் பார்க்க, மண்வெட்டி வெட்டிய தன் காலை மகளிடம் நீட்டிக் கட்டுப்போடச் சொன்னார். போட்டதும் கிளம்பவில்லை, வாசலில் குந்திவிட்டார்.

"ஒட்டிக்கும்னா மொதல்ல எனக்குல்ல ஒட்டணும்? அங்கிட்டுப் பச்சப்புள்ளைகளக் காப்பாத்த ஊடு ஊடா ஏறி எறங்குனவ எம் மக. வெள்ளக்காரச்சிக்கே புத்தி சொன்னவ!"

"அப்பா, போதும்ப்பா" என்று உள்ளேயிருந்து கெஞ்சினாள்.

"நீ சும்மா இரு தாயி. சொல்லத்தான் வந்துருக்கேன்."

அவர் சொல்லச் சொல்லக் கூட்டம் சேர்ந்தது. அம்மை குத்தாத மகளைக் கையில் பிடித்திருந்த சொர்ணவல்லி முதலில் படியேறினாள். ஊசி போட்டு முடியும்வரை தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் வலிக்குதாங்க?"

"இல்லம்மா. மாத்திரை மட்டும் ஆயுசு பூராவும் திங்கணும்."

"திங்கலாம்ங்க" என்றாள் சொர்ணவல்லி. அடுத்து யார் என்று அற்புதமேரி தலை நிமிர்ந்தபோது, பெஞ்சில் இடமில்லை.